பள்ளிச் சுவருக்கு வெளியே: தொடக்கப்பள்ளிச் சாகசப் பயிற்சியும் ஆசிரியர் மனமும்

மரம் ஏறவும், பாறைக்குப் பாறை தாவவும், வாய்க்காலைத் தாண்டவும் குழந்தைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் கண் அயர்ந்த நேரத்தில் தாமாகவே செய்துவிடுவார்கள். ஆனால் இதே செயல்களை ஒரு பாடமாக்கி, கால அட்டவணையில் இடம் கொடுத்து, முப்பது குழந்தைகளையும் ஓர் ஆசிரியரையும் மலையடிவாரத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் நிலைமை வேறாகிவிடுகிறது. குழந்தைகள் எப்போதும்போல மகிழ்கிறார்கள். ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதற்கு இங்கிலாந்தை எடுத்துக்காட்டாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. முதுகலை வரலாற்று வகுப்புக் கருத்தரங்கிற்காகப் பிரிட்டனின் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது அதன் 53-ஆம் பிரிவில் என் கண் நின்றது. உள்ளூர்க் கல்வி நிர்வாகங்கள் மாணவர்களின் பொழுதுபோக்குக்கும் உடற்பயிற்சிக்கும் வேண்டிய வசதிகளைச் செய்துதர வேண்டும். முகாம்களும் விளையாட்டுத் திடல்களும் அவற்றுள் அடங்கும் என்கிறது அந்தப் பிரிவு. லண்டன் மாநகரில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஆண்டு அது. அந்த ஆண்டில் ஒரு நாடாளுமன்றம் கூடிப் பிள்ளைகளின் முகாமுக்கும் சட்டம் எழுதியிருக்கிறதே என்ற வியப்பில் மேலே படித்தேன். கருத்தரங்கக் கட்டுரை ஒருபுறம் நிற்க, இந்தப் பொருள் என்னைப் பிடித்துக்கொண்டது. இளங்கல்வியியல் படித்து ஆசிரியர் பணிக்குச் செல்ல வேண்டும் என்ற எண்ணம் உடையவன் நான். நம் கல்லூரியில் அவ்வெண்ணம் உடைய நண்பர்கள் பலர். அவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

வெளிக்களச் சாகசப் பயிற்சி என்றால் என்ன? நிலப்படத்தையும் திசைகாட்டியையும் கொண்டு வழி கண்டுபிடித்தல், மலைப்பாதையில் நடத்தல், கயிறு கட்டிப் பாறையேறுதல், துடுப்புப் படகு செலுத்துதல், கூடாரம் அடித்து இரவு தங்குதல், குழுவாகக் கூடி ஒரு சிக்கலை அவிழ்த்தல் ஆகியவை இதில் அடங்கும். ஓட்டப்பந்தயம், கால்பந்து முதலியவற்றிலிருந்து இது வேறுபடுவது ஓரிடத்தில்தான். இங்கே எதிரணி இல்லை. எதிரே நிற்பது மழையும் குளிரும் மேடும் பள்ளமும், அவற்றோடு குழந்தையின் சொந்த அச்சமும்.

இந்த முயற்சி கடலில் தொடங்கியது எனலாம். கூர்ட் ஹான் என்ற ஜெர்மானியக் கல்வியாளர் 1920-இல் சேலம் என்ற ஊரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். (நம் சேலம் அன்று, தென் ஜெர்மனியில் உள்ள ஊர்.) 1933-இல் ஹிட்லரின் ஆட்சி அவரைச் சிறையிலிட்டது. விடுதலை பெற்றுப் பிரிட்டனுக்கு வந்தவர் 1934-இல் ஸ்காட்லாந்தில் கார்டன்ஸ்டன் பள்ளியை நிறுவினார். பின்னர் உலகப் போர் மூண்டது. சரக்குக் கப்பல்கள் நீர்மூழ்கிகளால் தகர்க்கப்பட்டன. அப்போது உயிர்காப்புப் படகுகளில் ஏறிய மாலுமிகளுள் உடல்வலிமை மிக்க இளைஞர்கள் மடிவதும், அனுபவம் மிக்க மூத்தவர்கள் தாக்குப்பிடிப்பதும் கண்டு, கப்பல் உரிமையாளரான லாரன்ஸ் ஹோல்ட் கவலைப்பட்டார் என்று கூறுவர். இருவரும் சேர்ந்து 1941-இல் வேல்சு நாட்டின் அபர்டவி என்ற கடற்கரை ஊரில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் திறந்தனர். ‘அவுட்வர்ட் பவுண்ட்’ என்று இன்று உலகெங்கும் அறியப்படும் இயக்கத்தின் தொடக்கம் அதுவே. துறைமுகத்தை விட்டுக் கடலை நோக்கிப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் சொல் அது.

போர் முடிந்த பின் இக்கருத்தைப் பொதுப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஜாக் லாங்லண்ட். 1933-ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணக் குழுவில் இடம்பெற்ற மலையேறி; டார்பிஷயர் மாவட்டத்தின் கல்வி இயக்குநர். 1950-களின் தொடக்கத்தில் அவருடைய முயற்சியால் வொயிட் ஹால் என்ற இடத்தில் கல்வி நிர்வாகமே நடத்தும் வெளிக்களப் பயிற்சி நிலையம் உருவாயிற்று. இவ்வகையில் அதுவே முதலாவது. பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிகளில் பிறந்த ஒன்று, சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைக்கும் கிடைக்க வழி பிறந்தது. வேறு மாவட்டங்களும் இதைப் பின்பற்றின.

தொடக்கத்தில் இவை பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கே உரியனவாக இருந்தன. தொடக்கப்பள்ளியை எட்டியது மெல்ல மெல்லத்தான். 1967-இல் வெளிவந்த பிளவ்டன் குழு அறிக்கை, குழந்தை தன் சுற்றுப்புறத்தைக் கண்டும் தொட்டும் கற்க வேண்டும் என்று வலியுறுத்தியது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே நாடு முழுமைக்கும் ஒரே பாடத்திட்டம் வந்தது. அதன்கீழ் 1992-இல் உடற்கல்விக்கு ஆறு பகுதிகள் வகுக்கப்பட்டபோது வெளிக்களச் சாகசச் செயல்கள் அவற்றுள் ஒன்றாயிற்று. விளையாட்டு, நடனம், உடல்வித்தை, தடகளம், நீச்சல் ஆகியவை மற்ற ஐந்து. இவ்வாறு 7 முதல் 11 வயதுவரை உள்ள குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும், மலையை நெருங்கிப் பாராதவராயினும், இப்பாடத்தை நடத்தக் கடமைப்பட்டவரானார். இங்கேதான் ஆசிரியர் மனம் நம் கதைக்குள் வருகிறது.

ஆசிரியர்கள் இதை வெறுக்கிறார்கள் என்று எண்ணினால் தவறு. அழைத்துச் சென்று வந்தவர்கள் கூறும் நன்மைகள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. வகுப்பில் வாய் திறவாத பிள்ளை இரவு நடையில் முன்னால் நின்று வழி காட்டுகிறது. கணக்கில் முதலாவதாக வரும் பிள்ளை கயிற்றேணியின் நடுவே நின்று அழுகிறது. அதற்குக் கைகொடுப்பது கடைசி வரிசைப் பிள்ளை. வகுப்பறையில் ஆண்டுக்கணக்காக உறைந்துபோன தகுதி வரிசை ஒரு நாளில் கலைந்து வேறாகிறது. ஆசிரியர்க்கும் அப்படியே. சேற்றில் வழுக்கி விழுந்த ஆசிரியரைப் பார்த்த பிள்ளைகள் மறுநாள் அவரிடம் கேள்வி கேட்க அஞ்சுவதில்லை.

இந்த நன்மைகளைத் தேர்வு மதிப்பெண்ணாக மாற்றிக் காட்ட முடியுமா என்றால், அது எளிதன்று. எது கற்றலை எவ்வளவு உயர்த்துகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்து வெளியிடும் இங்கிலாந்துக் கல்வி அறக்கட்டளை ஒன்று, இப்பயிற்சியால் படிப்பு எவ்வளவு உயர்கிறது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே குறித்துள்ளது. என் கருத்தில் இது குறையாகாது. சேற்றில் நடந்தால் பின்னக் கணக்கு வரும் என்று யாரும் வாக்களிக்கவில்லையே.

அப்படியானால் ஆசிரியர்களைத் தடுப்பது எது? தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் சேர்ந்து, உலகின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2004-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டன. அதில் தடைகளுள் முதலாவதாகச் சொல்லப்படுவது பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிய அச்சம். அடுத்து, ஆசிரியர்க்குத் தன் திறமையில் நம்பிக்கையின்மை. பாடத்திட்ட நெருக்கடியும், நேரமும் பணமும் துணையும் போதாமையும் பின்னே வருகின்றன. இவற்றுள் அச்சம் என்ற ஒன்றைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். வெறும் கோழைத்தனம் என்று அதை ஒதுக்கிவிடுவோர் பலர். அந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

ஆசிரியர் பெற்றோரின் இடத்தில் நிற்பவர் என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய கொள்கை. 1893-இல் நடந்த ஒரு வழக்கில், பள்ளியில் இருந்த பாஸ்பரஸ் பட்டு ஒரு மாணவன் காயமுற்றான். கவனமுள்ள ஒரு தந்தை தன் பிள்ளைகளை எவ்வாறு காப்பாரோ அவ்வாறு ஆசிரியர் மாணவரைக் காக்க வேண்டும் என்று அப்போது நீதிமன்றம் உரைத்தது. கேட்பதற்கு நல்ல வாசகம். ஆனால் எந்தத் தந்தைக்கும் ஒரே வயதில் முப்பது பிள்ளைகள் இருப்பதில்லை. முப்பது பேரையும் ஒரே நேரத்தில் ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்வதும் இல்லை.

1971 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கோர்ம் மலையில் பனிப்புயலில் சிக்கி எடின்பரோவைச் சேர்ந்த மாணவர் ஐவரும், பதினெட்டு வயதுப் பயிற்சித் தலைவர் ஒருவரும் உயிரிழந்தனர். அந்நாட்டு மலைகளில் நடந்த துயரங்களுள் மிகக் கொடியது அது. மலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்க்கு முறையான தகுதிச் சான்று வேண்டும் என்ற கருத்து அதன் பின்னர் வலுப்பெற்றது.

1993 மார்ச் 22-ஆம் நாள் நடந்தது இன்னும் ஆழமான வடுவை விட்டுச் சென்றது. இங்கிலாந்தின் தென்கரையில் லைம் வளைகுடா என்ற கடற்பகுதி உள்ளது. தனியார் பயிற்சி நிலையம் ஒன்றிலிருந்து பிளிமத் நகர மாணவர் எண்மரும், அவர்களுடைய ஆசிரியர் ஒருவரும், நிலையத்தின் பயிற்றுநர் இருவரும் ‘கயாக்’ எனப்படும் ஒற்றையாள் துடுப்புப் படகுகளில் லைம் ரீஜிஸிலிருந்து அருகிலுள்ள சார்மத் என்ற ஊருக்குப் புறப்பட்டனர். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசியது. அத்தகைய காற்றில் கரையோர நீர் அமைதியாகத் தோன்றும்; சற்று விலகியதும் படகை வெளியே இழுத்துக்கொண்டு போகும். படகுகள் கவிழ்ந்தன. மாணவர் நால்வர் இறந்தனர். அந்நிலையத்தில் பணியாற்றிய பயிற்றுநர்கள் முந்தைய ஆண்டே பாதுகாப்புக் குறைகளைச் சுட்டி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தனர் என்பது விசாரணையில் வெளிவந்தது. 1994-இல் அந்நிறுவனத்தின் நிர்வாகி சிறை சென்றார். நிறுவனமே மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டது. ஒரு நிறுவனம் அவ்வாறு தண்டிக்கப்பட்டது அந்நாட்டில் அதுவே முதன்முறை.

இறந்த பிள்ளைகளின் பெற்றோர் ஓயவில்லை. அவர்களுடைய முயற்சியின் பயனாக 1995-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. 18 வயதுக்குட்பட்டோர்க்குக் கட்டணம் பெற்றுப் பாறையேற்றம், குகைப்பயணம், மலைநடை, நீர்விளையாட்டு ஆகியவற்றை நடத்துவோர் உரிமம் பெற வேண்டும் என்று 1996 முதல் விதி வந்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு. தன் மாணவரைத் தானே அழைத்துச் செல்லும் பள்ளிக்கு இந்த உரிமம் தேவையில்லை. இதைச் சலுகை என்று சொல்லலாம். ஆசிரியரின் இடத்தில் நின்று பார்த்தால் வேறு பொருள் தோன்றும். உரிமம் பெற்ற நிலையத்தைச் சோதிக்க ஒரு துறை உண்டு. அதன் கருவிகளைப் பார்க்க ஆள் உண்டு. சான்று கொடுக்க ஏடு உண்டு. தானே அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு அந்தச் சுவர் இல்லை.

2002 மே மாதம் ஏரி மாவட்டத்தில் ஒரு பள்ளிப் பயணம். அதில் பணியாளராகச் சென்ற தாயுடன் பத்து வயதுச் சிறுவன் ஒருவனும் போயிருந்தான். மழையால் பெருகிக் குளிர்ந்திருந்த ஓடையின் மடுவில் பிள்ளைகள் குதித்து விளையாட, அச்சிறுவன் மூழ்கி இறந்தான். தலைமை தாங்கிய ஆசிரியர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2003-இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அந்த மரணத்தில் கவனக்குறைவு இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் நாட்டின் ஆசிரியர் அறைகளில் பேசப்பட்டது சிறை என்ற ஒரு சொல்தான். மறு ஆண்டு, 2004-இல், பெரிய ஆசிரியர் சங்கங்களுள் ஒன்று தன் உறுப்பினர்களைப் பள்ளிப் பயணங்களுக்குச் செல்ல வேண்டாம் என்று அறிவுறுத்தியது. உண்மையான விபத்து என்று ஒன்று உண்டு என்பதையே சமூகம் ஏற்க மறுக்கிறது. எது நடந்தாலும் ஒருவரைக் குற்றவாளியாக்கப் பார்க்கிறது என்பது சங்கத்தின் வாதம்.

அடுத்த ஆண்டே நாடாளுமன்றக் கல்விக் குழு இதை ஆராய்ந்தது. விபத்து பற்றியும் வழக்கு பற்றியும் உள்ள அச்சம் உண்மையான ஆபத்தின் அளவுக்குச் சிறிதும் பொருந்தாதது என்று அது முடிவு கூறியது. 2006-இல் வந்த இழப்பீட்டுச் சட்டம் நீதிபதிகளுக்கு ஒரு வழி காட்டியது. அளவுக்கு மீறிய முன்னெச்சரிக்கையை எதிர்பார்த்தால் நல்ல செயல்கள் நின்றுபோகுமா என்பதையும் நீதிமன்றம் கருதலாம் என்றது அச்சட்டம். அதே ஆண்டில் வகுப்பறைக்கு வெளியே கற்றல் பற்றிய கொள்கை அறிக்கை ஒன்றை அரசு வெளியிட்டது. நாடாளுமன்றக் குழு கூறியது கணக்கின்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் ஆசிரியர் கணக்குப் பார்த்து அஞ்சவில்லை. நடந்துவிட்டால் அந்த நாளில் தனக்குப் பக்கத்தில் யார் நிற்பார் என்று எண்ணியே அஞ்சுகிறார். இரண்டும் வெவ்வேறு வினாக்கள்.

இந்த இடத்தில் ஆபத்தைப் பற்றியே ஒரு விளக்கம் தேவை. வெளிக்களப் பயிற்சியை அறிந்தவர்கள் தோன்றும் ஆபத்து, உள்ள ஆபத்து என்று இரண்டாகப் பிரிப்பார்கள். முப்பதடி உயரப் பாறைச் சுவரில் ஒரு குழந்தை தொங்குகிறது. பார்க்கும் ஆசிரியர்க்கு உயிர் போகிறது. ஆனால் மேலே உறுதியான பிடிப்பில் மாட்டிய கயிறு, இடுப்பில் வார்ப்பட்டை, தலையில் கவசம், கீழே கயிற்றைப் பிடித்திருக்கும் பயிற்றுநர் என்று எல்லாம் முறையாக இருந்தால் கால் தவறிய குழந்தை சில அங்குலமே இறங்கும். தோன்றும் ஆபத்து மிகுதி; உள்ள ஆபத்து குறைவு. மாறாக, முழங்கால் ஆழ ஓடையில் பிள்ளைகள் விளையாடுவது யார்க்கும் அச்சமூட்டுவதில்லை. மேலே மலையில் பெய்த மழை எப்போது கீழே வந்து சேரும், குளிர்நீரில் திடீரென விழுந்த உடல் எப்படி மூச்சுத் திணறும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பவை கண்ணுக்குத் தெரிவதில்லை. மேலே சொன்ன துயரங்களை மீண்டும் எண்ணிப் பாருங்கள். உயிரைக் கொண்டுபோனவை நீரும் குளிரும் வானிலையும். பாறைச் சுவரைக் கண்டு நடுங்கும் ஆசிரியரே ஓடைக்கரையில் அயர்ந்து உட்கார்ந்துவிடக் கூடும். இதை அறியப் பயிற்சி வேண்டும். தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சியிலோ உடற்கல்வி முழுமைக்குமே சில மணி நேரந்தான் கிடைக்கிறது. அதற்குள் சாகசப் பயிற்சிக்கு எத்தனை நிமிடம் மிஞ்சும்?

அன்றாடக் காரணங்களும் உண்டு. அவை செய்தித்தாளில் வருவதில்லை. இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் வகுப்பில் மே மாதம் தேசியத் தேர்வு நடக்கிறது. பள்ளிவாரியாக முடிவுகள் வெளியாகின்றன. பல பள்ளிகளில் முகாமுக்குப் போவதும் அதே ஆறாம் வகுப்புதான். தேர்வுக்கு முன் ஐந்து நாளை யார் விட்டுக்கொடுப்பார்? அடுத்தது பணம். பள்ளி நேரத்தில் நடக்கும் கல்விக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். விருப்ப நன்கொடை கேட்கலாம். தங்கும் செலவும் உணவுச் செலவும் வாங்கலாம். ஆனால் அரசின் சில உதவித்தொகைகளைப் பெறும் குடும்பத்தாரிடம் அதையும் வாங்க முடியாது. எஞ்சிய தொகைக்குப் பள்ளி எங்கே போகும்? எந்தப் பிள்ளையின் வீட்டில் பணம் இல்லை என்பதை முதலில் அறிந்து, அதைப் பிறர் அறியாமல் மறைத்து, கணக்கையும் ஒப்பேற்றுவது வகுப்பாசிரியரின் தலையில் விழுகிறது.

இரவுத் தங்கல் தனி உலகம். முதன்முதலாக வீட்டைப் பிரிந்த பிள்ளை நள்ளிரவில் அம்மாவைக் கேட்டு அழும். படுக்கையை நனைத்துவிட்ட பிள்ளையின் துணியை மற்றவர் எழுமுன் மாற்றியாக வேண்டும். ஆஸ்துமாவுக்கு மூச்சுமருந்து, நிலக்கடலை ஒவ்வாத பிள்ளை, இறைச்சி உண்ணாத பிள்ளை என்று ஒரு பட்டியலே ஆசிரியரின் சட்டைப்பையில் இருக்கும். தன் வீட்டில் தன் குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு வந்தவராக அவர் இருப்பார். இதற்கெல்லாம் தனி ஊதியம் இல்லை. இவ்வளவுக்கும் பின்னர் அடுத்த ஆண்டும் போகிறேன் என்று சொல்பவர் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது.

இச்சிக்கலுக்கு இங்கிலாந்து கண்ட விடைகளுள் ஒன்று, பயிற்சி நிலையத்திடம் ஒப்படைத்துவிடுவது. ஆசிரியர் பிள்ளைகளை அழைத்து வந்து ஒரு புறம் நிற்பார். நிலையத்தின் பயிற்றுநர் கயிற்றைப் பிடிப்பார். பாதுகாப்புக்கு இது நன்று. ஆனால் இதனால் ஓர் இழப்பும் உண்டு. பயிற்றுநருக்குப் பாறை தெரியும், பிள்ளையைத் தெரியாது. ஆசிரியருக்குப் பிள்ளை தெரியும், பாறை தெரியாது. ஐந்து நாள் முடிந்து பேருந்து திரும்பும்போது, கற்றது எல்லாம் நிலையத்திலேயே தங்கிவிடுகிறது. இரண்டாவது விடை, பொறுப்பைப் பங்கிடுவது. 2000-களின் தொடக்கத்திலிருந்து பள்ளிகளில் கல்விப் பயணங்களுக்கென ஓர் ஒருங்கிணைப்பாளரை அமர்த்தும் வழக்கம் ஏற்பட்டது. கல்வி நிர்வாகத்தில் இத்துறை வல்லுநர் ஒருவர் ஆலோசகராக இருப்பார். புறப்படுமுன் திட்டத்தை அவர்கள் பார்க்கிறார்கள். எந்த இடத்தில் திரும்பிவிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்கிறார்கள். இது காகித வேலையைக் கூட்டியது என்று சலித்துக்கொள்ளும் ஆசிரியர் உண்டு. ஆயினும் என் மதிப்பீட்டில் இரண்டாவதே மேலானது. கையொப்பம் மூன்று இருக்கும்போது ஆசிரியர் தனியாக நிற்பதில்லை.

நம் நாட்டில் இந்த அச்சம் இன்னும் அருகில் இருக்கிறது. 2007 பிப்ரவரி 20-ஆம் நாள் கேரளத்தின் தட்டேக்காட்டில் படகு மூழ்கிப் பள்ளிச் சுற்றுலா வந்த மாணவர் பதினைவரும் ஆசிரியர் மூவரும் மாண்டனர். 2024 ஜனவரி 18-ஆம் நாள் வடோதராவில் ஏரிப் படகு கவிழ்ந்து பன்னிரண்டு குழந்தைகளும் ஆசிரியைகள் இருவரும் இறந்தனர். இரண்டு இடத்திலும் படகில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றப்பட்டிருந்தது. இவை சாகசப் பயிற்சியே அல்ல. வெறும் உல்லாசப் படகுச் சவாரி. தோன்றும் ஆபத்து சிறிதும் இல்லாத இடம். பிள்ளைகளோடு ஆசிரியரும் மடிந்திருக்கிறார்கள் என்பதை, ஆசிரியர்களுக்குத் துணிவில்லை என்று பேசுவோர் நினைவில் வைக்க வேண்டும்.

என் அக்கா ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறார். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். இங்கிலாந்துக் கதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவர் சிரித்தார். “மலையேற்றம் கிடக்கட்டும் தம்பி. நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனால் மிச்சம் நாலு வகுப்பையும் தலைமையாசிரியர் ஒருத்தரே பார்க்க வேண்டும். வழியில் ஒரு பிள்ளைக்கு முள் குத்தினால்கூட ஊர் என்னைத்தான் கேட்கும்” என்றார். நான் படித்த அறிக்கைகள் பல பக்கங்களில் சொன்னதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

அவரிடம் நான் எடுத்துச் சொன்னது இங்கிலாந்துப் பாடத்திட்டத்தின் மிக எளிய பகுதி. 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அங்கே சாகசப் பயிற்சி விருப்பப் பகுதியாக இறங்கியது. 2014 முதல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், தனியாகவும் குழுவாகவும் வெளிக்களச் சாகச அறைகூவல்களில் குழந்தைகள் பங்கேற்க வேண்டும் என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கிறது. மலை என்றோ ஆறு என்றோ அதில் இல்லை. எனவே பல பள்ளிகள் தம் வளாகத்துக்குள்ளேயே இதை நடத்துகின்றன. ‘ஓரியண்டியரிங்’ என்பார்கள், நிலப்படம் பார்த்து இடம் காணும் விளையாட்டு எனலாம்.

அதன் முறை இது. பள்ளி வளாகத்தின் படம் ஒன்றை ஆசிரியர் தாளில் வரைகிறார். கட்டடம், மரம், கிணறு, கொடிக்கம்பம் எல்லாம் குறியீடுகளாக அதில் இருக்கும். வளாகத்தில் பத்து இடங்களில் எண்ணிட்ட அட்டைகளைக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தை எழுதி வைக்கிறார். பிள்ளைகள் இருவர் இருவராகப் பிரிந்து, படத்தில் வட்டமிட்ட இடத்தைத் தேடிப்போய், அங்குள்ள எழுத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் திரும்ப வேண்டும். ஓர் இடம் கண்ட பின்னரே அடுத்த இடம் சொல்லப்படும். ஆசிரியர் நடுவில் நிற்க, பிள்ளைகள் நாற்புறமும் ஓடி ஓடி மீள்வதால் விண்மீன் வடிவம் என்று இதற்குப் பெயர். முப்பது பேர் ஓடினாலும் எவரும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் ஆசிரியர் கண்ணுக்கு மறைவதில்லை. சிறு குழந்தைகள் முதலில் தடுமாறுவது படத்தைத் திருப்பிப் பிடிப்பதில்தான். நாம் திரும்பினால் படமும் நம்மோடு திரும்பிவிடக் கூடாது. படத்தின் வடக்கு நிலத்தின் வடக்கை நோக்கியே நிற்க வேண்டும். இது ஒன்று பிடிபட்டுவிட்டால் புவியியல் பாடத்தில் பாதி வேலை முடிந்தது. பத்து எழுத்தும் சேர்ந்தால் ஒரு சொல் வருமாறு அமைத்துவிட்டால் தமிழ்ப் பாடமும் ஆயிற்று. பேருந்து வேண்டாம், கட்டணம் வேண்டாம், உரிமம் வேண்டாம்; ஒரு மணி நேரம் போதும்.

இதை மலைக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. இரவில் கூடாரத்துக்கு வெளியே நின்று விண்மீன் பார்த்த குழந்தைக்குக் கிடைப்பது இதில் கிடைக்காது. ஆனால் படத்தைப் பிடித்துத் தனியே ஒரு மூலைவரை ஓடி, வழி தவறி, தானே திருத்திக்கொண்டு மீளும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த மூலையே வெளியூர்தான்.

அக்கா தாள் ஒன்றை எடுத்து வளாகத்தை வரைந்து பார்த்தார். வேப்பமரம், அடிகுழாய், சத்துணவுக் கூடம், கொடிமேடை, கழிப்பறைச் சுவர், பழைய ஓட்டுக் கட்டடம், கேட், கிழக்குப் பக்கத்து முள்வேலி. எட்டு இடம் தேறியது. வகுப்புகள் கலந்தே உட்கார்வதால் நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சேர்த்தே நடத்தலாம், சிறிய வகுப்புகள் திண்ணையிலிருந்து பார்க்கட்டும் என்று கணக்குப் போட்டார். முள்வேலிப் பக்கம் மட்டும் வேண்டாம் என்று அடித்துவிட்டார். அடுத்த பருவத்தில் செய்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அட்டைகளை எழுதித்தர நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.